தனித் தம்ளர்

மேடை மைக்குகள் இப்போதெல்லாம் பொல்லாதவை. சொந்தக் கஷ்டத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் அரங்கம் முழுக்கக் கேட்கும். அடுத்தவர் கஷ்டத்தைக் கிண்டலடித்தால் சட்டென்று ஊமையாகிவிடும். இளவேனிலுக்கு அந்தப் பயமே இருந்ததில்லை. அம்மா நாலு வீட்டில் வேலை செய்துதான் அவளை வளர்த்தாள். பள்ளி லீவில் இவளும் கூடவே போய்ப் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். அந்தக் கதைகளைச் சொல்லியே பேர் வாங்கியவள்.

அன்று அரங்கின் முதல் வரிசையில் அம்மா இருந்தாள். மகள் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்திருந்தாள். இளவேனில் தன் ராசியான ஜோக்கை எடுத்தாள்.

“வேலை பார்க்கிற வீட்டுல எங்களுக்குன்னு ஒரு தம்ளர் தனியா உட்கார்ந்திருக்கும். நாங்க தேய்ச்ச தட்டுல நல்லா சாப்பிடுவாங்க. நாங்க வாய் வெச்ச தம்ளரைப் பார்த்தா மட்டும்…”

மைக் நின்றது.

“ரஃபீக் அண்ணே, வேற மைக் குடுங்க!”

ஒலிப்பெட்டி அருகே இருந்த ரஃபீக் இன்னொன்றைக் கொண்டுவந்தார். “தனியா ஒரு தம்ளர்…” என்றதும் அதுவும் அடங்கியது.

ரஃபீக் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “இப்ப உங்க வீட்டுல வேலைக்கு ஆள் இருக்காங்களாம்மா?”

சிங்க் ஓரத்தில், போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தவமணிக்கென்று கவிழ்த்து வைத்திருக்கும் நசுங்கிய தம்ளர் இளவேனிலின் கண்முன் வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வந்த நாளிலிருந்து அம்மா ஏன் அந்தத் தம்ளரிலேயே காபி கேட்டு வாங்கிக் குடித்தாள் என்பது இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது.