கழுவிய முகம்

அவன் ஓடையோரம் முட்டி போட்டான். முதுகில் யோஸ்ட் கனத்தான்.

"இந்த மூஞ்சியோடவாடா விருந்தாளி முன்னால போறது? கழுவிவிடு."

யோஸ்ட்டுக்குக் கண் தெரியவில்லை. தீப்பொறி பட்டுத் துணி சுற்றியிருந்தது. ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது. வைத்தியரிடம் சேர்க்காவிட்டால் ஆள் தேறமாட்டான்.

ஆனாலும் மூஞ்சிதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

இருவரும் பெல்ஜியத்துக்காரர்கள். கால்வாய் வெட்டிப் பிழைத்தவர்கள். முகம் கழுவாமல் கரையேறிய நாள் கிடையாது.

மத்தியானத்திலிருந்து நெப்போலியன் படையைக் காட்டோரத்தில் மறித்து நின்றிருந்தார்கள். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்துத்தான் துப்பாக்கியில் போட வேண்டும். ஒவ்வொரு தரமும் கருமருந்து வாயில் அப்பும். வாய், அடுப்பு வாய் மாதிரி ஆகிவிட்டது.

தோட்டா தீர்ந்தது. அதன்பிறகுதான் யோஸ்ட்டைத் தூக்கினான்.

இரண்டு முகத்தையும் தேய்த்துக் கழுவினான்.

மேட்டில் சிவப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். யோஸ்ட் சொன்ன விருந்தாளிகள், துணைக்கு வந்த இங்கிலாந்துப் படை. இப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

அவர்கள் கண்ணில் பட்டது, சண்டைக்கு முதுகு காட்டி வரும் இரண்டு சுத்தமான முகங்கள்.

ஒருவன் ஊளையிட்டான். பிறகு எல்லாரும். தகரக் குவளைகளைத் தட்டினார்கள். நெட்டையன் ஒருவன் முழங்காலைத் தூக்கித் தூக்கி, ஓடிக் காட்டினான்.

"என்னடா சத்தம்?"

அவன் யோஸ்ட்டை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தான்.

"நம்மளப் பாத்துதான். கொண்டாடுறாங்க."

"நெசமாவா?"

யோஸ்ட் தலையை நிமிர்த்தினான். கையைத் தூக்கி ஆட்டினான், தேரில் போகிறவன் மாதிரி.

ஊளை இன்னும் கூடியது.

அவன் நேராக நெட்டையனிடம் போனான். யோஸ்ட்டை இறக்கி அவன் முதுகில் சாத்தினான். வைத்தியர் கூடாரத்தைக் கை காட்டினான்.

நெட்டையன் திகைத்துப் பிடித்துக்கொண்டான்.

நெட்டையனின் இடுப்பில் தொங்கிய தோட்டாப் பையைத் திறந்து, இவன் ஒரு தோட்டாவை எடுத்தான். எல்லாரும் பார்க்க, வாயைத் திறந்து கடித்தான்.

பல் கறுப்பு. நாக்கு கறுப்பு. தொண்டை வரைக்கும் கறுப்பு.

ஓடைத் தண்ணீர் அவ்வளவு உள்ளே போயிருக்கவில்லை.

ஒரு குவளை நின்றது. பக்கத்துக் குவளை நின்றது.

நெட்டையனின் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டினான். யாரும் தடுக்கவில்லை. காட்டைப் பார்த்து இறங்கினான்.

நெட்டையன் முதுகில் யோஸ்ட் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா நிப்பாட்டிட்டாங்க?"

நெட்டையனுக்கு அந்த மொழி தெரியாது.

கூடாரத்தை நோக்கி வேகமாக நடந்தான்.