ஓரம் கருகின ஜொன்

"ஆபீஸ்லதான் இருக்கேன் அத்தை, தலைக்கு மேல வேலை" என்று போனில் முனகிய ஹேவோனின் இன்னொரு கையில் பாதி கடித்த சோளக்கதிர் இருந்தது. எதிரே சியோல் அரண்மனை வாசல்.

நாளை சூசொக். கல்யாணமாகி அவளுக்கு முதல் பண்டிகை. முன்னோர் படையலுக்கு மீனையும் காளானையும் முட்டையில் முக்கி மலைமலையாய் ஜொன் சுட வேண்டும். அதற்காகத்தான் காலையில் மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். நடுவழியில் என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டாள். இறங்கின கையோடு ஆபீஸ் பொய்யும் சொல்லியாயிற்று.

புருஷன் வூஜினும் மாமனாரும் ஊரில் முன்னோர் கல்லறையில் புல் வெட்டப் போயிருந்தார்கள். அந்த மட்டும் நிம்மதி.

"அப்போ சாயங்காலமும் வரமாட்டே? நிச்சயமா சொல்லு" என்றார் மாமியார்.

"முடியாது போலிருக்கே அத்தை..."

"சரி, சரி. நான் ஒண்டியா அடுப்புல வேகுறேன். இடுப்பு கழண்டு விழுது. உனக்கென்ன!"

அந்த நேரம் பார்த்துக் காவல் மாற்றும் முரசு டமடமவென்று முழங்கித் தொலைத்தது. ஹேவோனுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, என்ன சத்தம் என்று மாமியார் கேட்கவில்லை. சட்டென்று போனை வைத்துவிட்டார்.

மாட்டினால் தீர்ந்தது கதை. முதல் பண்டிகைக்கே டிமிக்கி கொடுத்த மகராசி என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். 'எங்கம்மா கை ஜொன் மாதிரி உலகத்துலயே கிடையாது' என்று உருகுகிற வூஜின் சும்மா விடுவானா?

ஆனால் கால்கள் கேட்டால்தானே! அரண்மனை முற்றம், ஓட்டு வீட்டுச் சந்துகள், மூச்சு வாங்கும் மேட்டுத் தெரு என்று இஷ்டத்துக்குச் சுற்றினாள். ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

பொழுது சாயும்போது ஒரு சந்தைக்குள் நுழைந்தாள். எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் மனசு கேட்கவில்லை. பாவம், இந்த வயசில் தனியாக வெந்துகொண்டிருக்கிறாரே! நேரே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். வெறுங்கையோடு எப்படிப் போவது? ஜொன் கடை வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால், அரண்மனை சுற்ற வருகிறவர்கள் வாடகைக்கு உடுத்தும் ஹன்போக் உடையில், ரோஜா நிறப் பாவாடையும் கொண்டையில் பூவுமாக ஒரு பெண்மணி கடைக்காரியிடம் குழைந்துகொண்டிருந்தார்.

"வழக்கம்போல ரெண்டு கிலோ. ஓரம் கொஞ்சம் கருகினதாப் பார்த்துப் போடும்மா. வீட்டுல சுட்டதாட்டம் இருக்கணும்."

அந்தக் குரல்!

"அ... அத்தை!"

மாமியார் திரும்பினார். மருமகளை மேலும் கீழும் பார்த்தார். பூவைப் பிடுங்கி மடியில் ஒளித்தார். பிறகு அவள் கையை இறுகப் பிடித்துக் காதோடு சொன்னார்:

"நல்லவேளை நீ வரலை. எனக்கு எங்கடி ஜொன் சுடத் தெரியும்?"