பூசணிக்குப் போன தண்ணீர்

கூரைமேல் படர்ந்த கொடியில் ஒரே ஒரு பூசணிக்காய்தான் பிடித்திருந்தது. தோட்டக்காரி செவந்தி தினமும் கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு அதன் பருமனை அளப்பாள். "நேத்தைக்கு இன்னிக்கு ஒரு விரக்கடை கூடியிருக்கு" என்று பூரித்துப்போவாள். பூசணிக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை வந்ததும் கொடி தயங்கித் தயங்கிக் கேட்டது: "இலைங்க எல்லாம் வாடுதுங்க. கொஞ்சம் தண்ணியை அந்தப் பக்கம் திருப்பட்டுங்களா?"

"அவ அளக்கிறது என்னையா, இலையையா? முதல்ல நான் பெருத்துக்கிறேன். மிஞ்சினா அதுங்களுக்கும் வராமலா போகும்?"

கொடி தண்ணீர் முழுவதையும் பூசணிக்கே அனுப்பியது. நுனி இலைகள் கருகின. பிறகு நடு இலைகளும் கருகின. நிழல் போனதும் பூசணியின் முதுகு வெயிலில் வெந்தது. செவந்தியின் கயிறு மூன்று நாளாக அதே முடிச்சில் நின்றது.

"தண்ணி பூரா எனக்குத்தானே வருது, அப்புறம் ஏன் நான் வளரலை?"

"இத்தனை நாளும் வெயில்ல நின்னு உங்களுக்குச் சோறாக்கிப் போட்டது அந்த இலைங்கதானுங்களே."

பூசணி கதறியது: "எல்லாத் தண்ணியையும் அதுங்களுக்கே குடு. எனக்கு ஒரு சொட்டும் வேண்டாம்!"

கொடி கொடுத்துப் பார்த்தது. காற்றில் சருகுகள் சலசலத்தன. குடிப்பதற்கு அங்கே ஒரு வாயும் இல்லை.