சோப்பில்லாத குடுவை

ஆய்வகத்தில் ஆனந்தவல்லி குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். பால் வெள்ளை. சோப்பே சேர்க்காமல், தண்ணீருக்குள் ஸ்டைரீன் என்னும் திரவம் பிளாஸ்டிக் துகள்களாகி, தம் மின்னூட்டத்தாலேயே ஒன்றையொன்று தள்ளி நின்று, ஒரே அளவில் வளர வேண்டும். அதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இதுவரை எல்லாமே கட்டிதட்டிப் போயின. இன்று, கடைசி பாட்டில் ஸ்டைரீனில், துகள்கள் ஒட்டாமல் வளர்ந்துவிட்டன. அடுத்த வாரம் உதவித்தொகையும் முடிகிறது.

"ஏலே குற்றாலிங்கம், இந்தப் புதுக் குடுவைய நேத்து எப்படிக் கழுவினே?"

உடன் ஆய்வு செய்பவன் நிமிர்ந்து நின்றான். "சோப்பு போட்டு, நுரை பொங்கத் தேய்ச்சேன்க்கா."

அவள் முகம் வாடிவிட்டது. "போச்சு. ஒட்டுன சோப்புதான் துகளப் பிரிச்சு வச்சிருக்கு. இது தானா வளந்ததில்லலே."

"யாருக்குக்கா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

குடுவையைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் சோப்பே போடல. ஐந்தருவியில தண்ணி கொட்டுதுன்னாவ. வெறுந்தண்ணியில அலசி வச்சிட்டு அருவியில குளிக்க ஓடிட்டேன். ஏசுவீங்கன்னுதான் பொய் சொன்னேன்."

ஆனந்தவல்லி பாய்ந்து தொட்டியின் துளையைக் கையால் அடைத்தாள். மிச்ச வெள்ளையும் விரலிடுக்கில் இறங்கிப் போனது.