இழுத்துப் பார்த்த பூட்டு

பாதுகாப்புத் துறைச் செயலர் தணிகாசலம் கொட்டாவியை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. விஞ்ஞானி கோமகள் பொறுமையாகச் சொன்னாள்.

"நம்ம ரகசியச் செய்தியெல்லாம் எதிரி இப்பவே பிடிச்சு வச்சுக்கிறான் சார். குவாண்டம் கணினி வந்ததும் செய்திக்குப் போட்ட சங்கேதப் பூட்டை உடைச்சுப் படிச்சிருவான். பூட்டை இன்னைக்கே மாத்தணும்."

"அது எப்ப வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம்."

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேனேம்மா."

அவளுடைய அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தி.

"மந்திரிக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க, ரகசியமா."

"எந்தப் பூட்டு போட்டு அனுப்பறது சார்?"

"வழக்கமாப் போடறதுதான்."

கோமகள் அப்படியே அனுப்பினாள். பத்து வருஷம் கழித்தாவது அதை ஒருவன் முழுசாகப் படிப்பான்.