கூடைக்குள் அடங்குகிற டப்பா

"வீட்டுல யாரு கண்ணுலயும் படாம வைக்கணும். அந்த மாதிரி சின்னதா ஒரு முதலுதவி டப்பா இருக்கா தாயி?"

கேட்டது ஆவுடையம்மாள். மெடிக்கல் கவுண்டருக்குள் நின்றிருந்த ரிஸானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

மார்க்கெட்டில் பிச்சிப்பூவையும் கேந்திப்பூவையும் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஆவுடையம்மாள் இந்தக் கடைக்கு வருவது இப்போதெல்லாம் வாடிக்கையாகிவிட்டது. ஒருநாள் பஞ்சும் டிஞ்சரும். இன்னொரு நாள் களிம்பு. போன வாரம் சுளுக்குக்குச் சுற்றுகிற துணி. எப்படி அடிபட்டது என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். கீழே விழுந்துவிட்டாளாம்.

மருந்துக்கடையில் நிற்கிறவளிடம் வந்தா இதைச் சொல்வது? கன்னம் வீங்கி வருகிறவள், உதடு கிழிந்து வருகிறவள் எல்லோருமே கீழே விழுந்தவர்கள்தான். சங்கரன்கோவில் ரோடு அவ்வளவு மோசமில்லை என்று ரிஸானாவுக்குத் தெரியும்.

இன்றைக்கு ஆவுடையம்மாளின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து அதை மூடிக்கொண்டிருந்தாள்.

ரிஸானா முதலில் பெரிய வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். வேன்காரர்கள் வண்டித் தகுதிச் சான்று வாங்கும்போது காட்டுவதற்கென்றே வாங்கிப்போகிற டப்பா அது. ஆவுடையம்மாள் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பாதி காற்றுதான் இருந்தது.

அடுத்தது, ஏகப்பட்ட பொருள் அடங்கியது என்று அட்டையில் பெருமை பேசிய பை. பிரித்தால் முக்கால்வாசி குட்டிக் குட்டி பிளாஸ்டர். கூடவே ஒரு கத்திரி. ஆவுடையம்மாள் தன் வயர்கூடையிலிருந்து பூக்கட்டும் நார் ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தாள். கத்திரி நாரைக் கடித்துக்கொண்டு நின்றது.

கடைசியாக வந்தது சிவப்பு ஜிப் பை. கைக்கு அடக்கமாக இருந்தது. அகலமான கட்டுத்துணி, காயம் கழுவுகிற மருந்து, ஒட்டினால் நிற்கிற டேப், நார் வெட்டுகிற கத்திரி. விலையும் கையைக் கடிக்கவில்லை. ஆவுடையம்மாள் அதைக் கூடைக்குள் வைத்து மேலே ஈரச்சாக்கைப் போட்டுப் பார்த்தாள். பை இருக்கிற இடமே தெரியவில்லை.

"இதைக் குடு. ரெண்டு பேருக்குச் சுத்துனாலும் காணும்லா?"

ரெண்டு பேரா? வீட்டில் வேறு யாரையும் சேர்த்து அடிக்கிறானா இவள் புருஷன்?

ரிஸானாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முதலாளி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடிய வாங்கிட்டு இப்படி மறைச்சு மறைச்சு மருந்து போட வேண்டாம். நூத்தியெண்பத்தொண்ணுன்னு பொம்பளைகளுக்கு ஒரு நம்பர் இருக்கு. நானே பேசுதேன்."

ஆவுடையம்மாள் திருதிருவென்று விழித்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அடப்பாவி மக்கா! எங்க வீட்டுக்காரரா அடிக்காரு? அவரே பாதி ஒடம்புல கட்டோட அங்கன நிக்காரு பாரு!"

எதிரே பரோட்டாக் கடை நிழலில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் வண்டி. பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டியோடு அவள் வீட்டுக்காரர் பேச்சிராஜ். இரண்டு முழங்காலிலும் கட்டு, தாடையில் பிளாஸ்டர். இத்தனை நாள் இவள் விற்ற மருந்தெல்லாம் அந்த மனிதர் மேல்தான் இருந்தது.

அப்புறம் எல்லாக் கதையும் கொட்டியது. சர்க்கரை வியாதியில் பேச்சிராஜுக்குப் பார்வை மங்கி, வண்டி ஓட்ட முடியாமல் போய்விட்டது. விடியுமுன் பூ மார்க்கெட்டுக்கு வந்து சேராவிட்டால் பூவை யார் சீந்துவார்கள்? திருப்பூரில் இருக்கிற மகன் மகாராஜன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். தோட்டத்தை விட இவர்களுக்கு மனசில்லை. அதனால் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆவுடையம்மாள் வண்டி பழகுகிறாள். விழுந்து விழுந்து பழகுகிறாள். நாளைக்கு மகன் ஊருக்கு வருகிறான். உடம்பில் இருக்கிற கட்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம், வீட்டில் இவ்வளவு மருந்தும் அவன் கண்ணில் பட்டால் அன்றைக்கே வண்டிச்சாவி அவன் பைக்குள் போய்விடும்.

நேற்றும் இருவரும் விழுந்தார்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாகத் தங்கள் ஊர் ராயகிரியிலிருந்து மார்க்கெட் வரை விழாமல் வந்து சேர்ந்தார்களாம்.

ரிஸானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கவுண்டரைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஆவுடையம்மாளின் கூடையைத் தானே வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். அந்த மனிதரைப் பற்றி மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தாள்! பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, பிளாஸ்டர் ஒட்டிய அந்தத் தாடையைப் பார்க்கவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆவுடையம்மாள் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். அது முன்னால் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

பஸ் ஸ்டாண்ட் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ரிஸானா கூடையை நீட்டியபடி கேட்டாள். "அண்ணாச்சி, அக்கா நல்லாப் பழகுற வரைக்கும் நீங்க பஸ்ஸுல போலாம்லா?"

பேச்சிராஜ் மனைவியின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அவள் காதில் விழாதபடி சொன்னார். "நா எறங்கிட்டா, அவ ஓட்டுததை நா நம்பலைன்னு ஆயிரும்லா தாயி."

கூடையை வாங்கிக்கொண்டு, கட்டுப்போட்ட முழங்காலை மெல்ல மடக்கி, அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.