முதலில் கண்டவள்

ஒரு விண்மீனும் அதை உறிஞ்சும் கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றிவரும் அந்த இணையைப் பிலோமினா பல வருடங்களாகக் கவனித்துவந்தாள். கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் தாரையில் காமாக் கதிர் இருக்கும் என்று நம்பினாள். அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போன மாதம் வேலையில் சேர்ந்த நஸ்ரினுக்குச் சிக்கியது.

அறிவிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவள் பிலோமினா. கருவிக் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினாள். ஒரு குறையும் இல்லை.

“சரியா இருக்காக்கா?” நஸ்ரின் வாசலில் நின்றபடி கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் இடிக்குதும்மா. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

“உங்களுக்கே சந்தேகம்னா அனுப்ப வேண்டாம்க்கா.”

மறுநாள் காலை வேறொரு நாட்டுக் குழு அதே கதிரைக் கண்டதாக அறிவித்துவிட்டது. நஸ்ரின் மேசையில் முகம் கவிழ்த்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்த பிலோமினாவுக்கு, நேற்றிலிருந்து நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது தணிந்துவிட்டது புரிந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

நஸ்ரின் நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள்.

“அவங்க அவசரப்பட்டுட்டாங்கக்கா. நீங்க பார்த்த தப்பு என்னன்னு சொல்லுங்க. நம்ம ரெண்டு பேர் பேர்லயும் எழுதி அனுப்பிடலாம்.”

பிலோமினாவின் கை அவள் முதுகிலேயே நின்றுவிட்டது.